பை உப்பிய நாள்

ஜூன் 9, திங்கள்

இந்த நோட்டு பெனிட்டா சிஸ்டர் கொடுத்தது. "அக்கா, ஆபரேஷனுக்கு ஒம்பது நாள் இருக்கு. தெனமும் எழுதணும். எவ்வளவு நடந்திய, என்ன சாப்பிட்டிய, பந்து எத்தன தூக்குனிய, எல்லாம். மனசுல கெடக்கதையும் எழுதலாம். வரும்போ கொண்டாங்க, நான் படிப்பேன்" என்றார். நாகர்கோவில்காரர். பேச்சே பாதி மருந்து.

படிக்கப்போகிறவர் அவர் என்றாலும் முறையாக ஆரம்பிக்கிறேன். வசந்தாமணி, வயது ஐம்பத்தொன்று, திருப்பூர். பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். இருபத்தாறு வருடமாகத் துணியில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் கண்டுபிடித்து ஒதுக்குகிறவள். என் வயிற்றுக்குள் இருந்ததை எட்டு மாதம் கோட்டை விட்டுவிட்டேன். ரத்தம் போனபோதெல்லாம் மூலம் என்று நினைத்து மோர் குடித்துக்கொண்டிருந்தேன். மலக்குடலுக்குச் சற்று மேலே, புற்று. டாக்டர் அருள்செல்வி ஒரு தாளில் குடலை வரைந்து, ஓரிடத்தில் வட்டம் போட்டு, "இந்தத் துண்டை எடுத்துட்டு ரெண்டு முனையையும் சேத்துத் தைக்கப் போறோம்" என்றார். அந்தத் தாளை வாங்கி வந்துவிட்டேன்.

இன்று நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்று எழுதினால் நம்புவீர்களா? என் அப்பாவுக்கு 1989-இல் வயிற்றில் ஆபரேஷன். பத்து நாள் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தோம். பதினைந்து நாள் புரண்டுகூடப் படுக்கவில்லை. நானும் அதற்குத்தான் மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டு போனேன். டாக்டர் சொல்கிறார்: முதல் நாள் இரவு சாப்பிடலாம். ஆபரேஷனுக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை இனிப்புத் தண்ணீர் குடிக்கலாம். அன்று சாயந்திரமே நாற்காலியில் உட்கார வேண்டும். மறுநாள் நடக்க வேண்டும். ஐந்தாம் நாள் வீடு.

"டாக்டர், வேற யாரோட ஃபைலையாவது பாத்துச் சொல்றீங்ளா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

நடை: 3,200 அடி. மூச்சை இழுத்தால் பந்து மேலே ஏறும் கருவி ஒன்று கொடுத்திருக்கிறார்கள். மூன்றில் இரண்டு பந்து ஏறியது. மூன்றாவதையும் ஏற்றாமல் விடமாட்டேன்.

ஜூன் 11, புதன்

மூன்றாவது பந்து ஏறிவிட்டது! ஒரு நொடிதான் நின்றது. ஆனாலும் ஏறியது.

முட்டை இரண்டு, கொண்டைக்கடலை, தயிர். மொட்டைமாடியில் நாற்பது சுற்று. கீழ்வீட்டுக்காரர் கொடிக்கயிற்றைப் பிடித்தபடி, "ஏதாச்சும் வேண்டுதலுங்ளா?" என்று கேட்டார்.

இந்துஜா ஓசூரிலிருந்து போன் செய்தாள். "அம்மா, அவர்கிட்ட சொல்லிட்டியா?" என்றாள். என் மகளுக்குக் கேள்வி கேட்க வேறு விஷயமே கிடையாது.

சிஸ்டருக்காக: 'அவர்' என்பது திருமூர்த்தி. இங்கே திருப்பூர் ராயபுரத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். எங்கள் கம்பெனி கம்ப்ரஸர் கெட்டுப்போனபோது வந்தார். மனைவி இறந்து ஆறு வருடம். எனக்கும் இந்துஜாவின் அப்பா போய்ப் பதினான்கு வருடம் ஆகிறது. இரண்டு வருடமாக எங்களுக்குள் பழக்கம். மே 26-ஆம் தேதி இருவரும் சேர்ந்து போய்ப் பதிவுத் திருமணத்துக்கு நோட்டீஸ் கொடுத்தோம். மே 30-ஆம் தேதி எனக்கு இந்தப் பரிசோதனை முடிவு வந்தது. ஜெர்மனி ஆர்டர் ஒன்று பெரிதாக வந்திருக்கிறது, எல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். நிஜத்தைச் சொல்ல நேரம் அமையவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஜூன் 16, திங்கள்

இன்று கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சிஸ்டர் நோட்டை வாங்கி நின்றபடியே படித்தார். ஒரு இடத்தில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டார். 'நேரம் அமையவில்லை' என்ற இடத்தில். 

பிறகு என்னை உட்கார வைத்து, நிற்க வைத்து, குனிய வைத்து, சேலைக் கொசுவம் எங்கே வருகிறது என்று பார்த்து, தொப்புளுக்கு வலப்பக்கம் கீழே பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். "தையல் ஆறுறதுக்காகக் கொஞ்ச மாசம் குடல இதுவழியா வெளிய விட வேண்டி வரலாம் அக்கா. மேல ஒரு பை ஒட்டுவோம். வேண்டாமலும் போகலாம். டாக்டரு உள்ள பாத்துட்டுத்தான் முடிவு பண்ணுவாவ."

நான் தலையாட்டினேன். நல்ல சிஸ்டர். நல்ல ஆஸ்பத்திரி.

சரி, சிவப்புக் கோட்டுக்குப் பதில் எழுதிவிடுகிறேன். அவர் மனைவி கமலம் நான்கு வருடம் படுத்த படுக்கையாக இருந்தார். பக்கவாதம். குளிப்பாட்டி, சோறூட்டி, துணி மாற்றி எல்லாம் இவர்தான். ஒரு நாள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னார், "கமலம் போனதுக்கப்புறந்தானுங்க ஒரு ராத்திரி முழுசாத் தூங்குனேன்." அப்படிச் சொன்ன மனுசனிடம் போய், ஏனுங்க, அடுத்த ஆள் தயார் என்று எப்படிச் சொல்வது?

நடை: 6,100. இதுவரை இதுதான் அதிகம்.

ஜூன் 17, செவ்வாய்

புள்ளி குளித்தும் போகவில்லை. நடை 4,000.

ஜூன் 18, புதன், காலை

ஐந்தரை மணி. இனிப்புத் தண்ணீர் குடித்துவிட்டேன். எலுமிச்சை வாசம். இந்துஜா பக்கத்தில் நின்று, "என்னமோ கல்யாண வீட்ல ஜூஸ் குடிக்கற மாதிரி குடிக்கற" என்கிறாள். பசியே இல்லை. கை மட்டும் சில்லென்று இருக்கிறது, ஏ.சி. அதிகம்.

ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிப்போகிற வண்டி வந்துவிட்டது. வந்து எழுதுகிறேன்.

ஜூன் 19, வியாழன்

வந்துவிட்டேன்!

நேற்றைய கதை: கண் திறந்ததும் என் கை தானாக அந்தப் புள்ளி இருந்த இடத்துக்குப் போயிற்று. பை இருந்தது. கையை எடுத்துவிட்டேன்.  டாக்டர் வந்து, "முழுசா எடுத்தாச்சு. நல்லபடியா தைச்சிருக்கோம். தையல் கொஞ்சம் கீழ வந்ததால பை வச்சிருக்கேன். தற்காலிகம்தான்" என்றார். வயிற்றில் பெரிய வெட்டு கிடையாது. நான்கு சின்னத் துளைகள், ஒரு விரல்நீளக் கோடு. என் கண்ணுக்குத் தையல் சுத்தம்.

சாயந்திரம் ஐந்து மணிக்கு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஆபரேஷன் முடிந்த அன்றைக்கே! ஆறு மணிக்குத் தண்ணீர் குடித்தேன். அப்பாவின் உதட்டில் வைத்த பஞ்சு ஞாபகத்துக்கு வந்தது. எனக்குத் தம்ளரில் தண்ணீர். கூடவே இரண்டு வாய் கஞ்சி.

இன்று காலை சிறுநீர்க் குழாயை எடுத்துவிட்டார்கள். பெனிட்டா சிஸ்டர் ஒரு பக்கம், இந்துஜா ஒரு பக்கம். கட்டிலிலிருந்து கதவு வரைக்கும் நடந்தேன். பன்னிரண்டு அடி. நெற்றியெல்லாம் வேர்வை. மதியம் வராந்தா பாதி. சாயந்திரம் வராந்தா முழுக்க! எதிர் அறை அம்மாள் கை தட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சூயிங்கம் மெல்லச் சொல்கிறார்கள். மென்றால் குடல், சாப்பாடு வருகிறது என்று ஏமாந்து விழித்துக்கொள்ளுமாம். ஐம்பத்தொரு வயதில் மகள் முன்னால் உட்கார்ந்து சூயிங்கம் மெல்கிறேன். அவள் போட்டோ எடுத்தாள்.

பையை இன்னும் பார்க்கவில்லை. டாக்டர், சிஸ்டர் எல்லோரும் அதையேதான் கேட்கிறார்கள்: "காத்து வந்துச்சா?" இன்னும் இல்லை.

ஜூன் 20, வெள்ளி

வந்துவிட்டது! காற்று வந்துவிட்டது!

காலை பத்தேகால். இட்லியில் பாதி தின்றிருந்தேன். போர்வைக்குக் கீழே ஏதோ அசைந்தது. இந்துஜா போர்வையை விலக்கி, "அம்மா! பை உப்புது!" என்று கத்தினாள். குனிந்து பார்த்தேன். எண்ணெய்ச் சட்டியில் பூரி எழும்புகிற மாதிரி பை மெல்ல மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது. சிஸ்டர் ஓடி வந்தார். "குடல் முழிச்சிட்டு அக்கா! குடல் முழிச்சிட்டு!" மூன்று பொம்பளைகள் ஒரு பையைச் சுற்றி நின்று சிரித்தோம். எதிர் அறை அம்மாளுக்கும் சேதி போய்விட்டது.

அந்தச் சந்தோஷத்திலேயே முதன்முறையாகப் பைக்குள் பார்த்தேன். மாதுளை மொட்டு மாதிரி செக்கச் செவேல் என்று, ஈரமாக. தொட்டால் வலிக்காதாம். தொடவில்லை.

மதியம் ரசம் சாதம்.

நான்கு மணிக்கு வராந்தாவில் இரண்டாவது சுற்று நடந்துகொண்டிருந்தேன். படிக்கட்டுப் பக்கமிருந்து திருமூர்த்தி வந்தார். கடையிலிருந்து அப்படியே வந்திருக்கிறார், விரல் இடுக்கில் கறுப்பு. எனக்கு நடை நின்றுவிட்டது. அவர் டிரிப்ஸ் ஸ்டாண்டை ஒரு கையில் பிடித்துத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் நடக்க ஆரம்பித்தார். 

அப்புறம் கேட்டார், "ஜெர்மனி ஆர்டர் ரொம்பப் பெருசுங்ளோ?"

"யார் சொன்னாங்க?"

"உங்க கம்பெனிக்கு கம்ப்ரஸர் பாக்கப் போனேனுங்க. ஆர்டர் எப்படிப் போகுதுன்னு உங்க செக்கிங்ல இருக்கற சரசாக்காகிட்டக் கேட்டேன். எந்த ஆர்டருன்னு அவங்க என்னையக் கேட்டாங்க." ஸ்டாண்டைத் திருப்பினார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லோணும்னு தோணலீங்ளா?"

எதை எதையோ யோசித்து வைத்திருந்தேன்.  சேலைத் தலைப்பை விலக்கிப் பையைக் காட்டினேன். "இதப் பாருங்க. இது இன்னும் எத்தன மாசமோ. அதுக்கு மேல என்னென்னவோ. உங்களுக்கு ஒருக்கா பட்டது போதுங்க. நோட்டீச வாபஸ் வாங்கிக்கலாம்."

அவர் பையைப் பார்த்தார். முகம் சுளிக்கவில்லை. என்னைப் பார்த்தபோதுதான் முகம் மாறியது.

"நான் பட்டேன்னு உங்களுக்கு ஆரு சொன்னதுங்க?"

"நீங்கதான். கமலம் போனப்புறந்தான் முழுசாத் தூங்குனேன்னு."

"முழுசாத் தூங்குனேன்னு சொன்னேன். நல்லாத் தூங்குனேன்னு சொன்னனாங்க?" குரல் உயரவில்லை. "எழுப்பறதுக்கு ஆளில்லாமத் தூங்குனேன். அதத்தான் சொன்னேன். நீங்களா ஒண்ண நெனச்சுக்கிட்டு, நீங்களா முடிவு பண்ணி, எனக்கு லீவு குடுத்துட்டீங்க."

ஸ்டாண்டை என் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

நடை: ஆறு சுற்று. மீதி நான்கையும் தனியாகவே முடித்தேன். வலி பத்துக்கு மூன்று.

ஜூன் 21, சனி

இட்லி மூன்று. நடை எட்டுச் சுற்று. காற்று தாராளம். இந்துஜா கேட்டதற்கு, "அவருக்குக் கடையில வேலை" என்றேன்.

ஜூன் 22, ஞாயிறு

இன்று பாடம். பையை எப்படிக் காலி செய்வது, எப்படிக் கழற்றுவது, புதிதாக எப்படி ஒட்டுவது. தோலில் ஒட்டுகிற வட்டத் தட்டின் நடுவில் அந்தச் சிவப்பு மொட்டின் அளவுக்கு ஓட்டை வெட்ட வேண்டும். ஓட்டையைக் கண்டாலே ஒதுக்கித் தள்ளியவள் கையில் கத்தரியைக் கொடுத்து ஓட்டை போடச் சொல்கிறார்கள்! முதல் தட்டு கோணல். இரண்டாவது பரவாயில்லை. பையைக் காலி செய்வதில் நான் முதல் வகுப்பு. இந்துஜா மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பிறகு மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, அவளும் ஒருமுறை செய்தாள். என் மகள்.

சிஸ்டர் ஒரு தாள் கொடுத்தார். தண்ணியாக அதிகம் போனால், ஒரு நாளில் ஆறு தடவைக்கு மேல் காலி செய்தால், உடனே போன் பண்ண வேண்டும். "கௌரவம் பாக்காம கூப்பிடணும், என்ன?" என்றார்.

ஜூன் 23, திங்கள்

வீடு! ஐந்தாம் நாள். சொன்னபடி!

மாடிப்படி பதினெட்டு. ஒரே மூச்சில் இல்லை, மூன்று மூச்சில். வாசலில் நின்று செருப்பைக் கழற்றும்போது அழுகை வந்தது. மருந்தினால் இருக்கும்.

ஜூன் 27, வெள்ளி

நடை 2,600. இட்லி, மோர், வாழைப்பழம். பை: ஐந்து தடவை.

சிஸ்டர் போன் செய்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றேன். "அந்த அண்ணன் வந்தாவளா?" என்றார். லைன் சரியில்லை, வைத்துவிட்டேன்.

ஜூன் 30, திங்கள்

நடை 5,000! ஆபரேஷன் ஆகிப் பன்னிரண்டே நாளில். நேற்று இந்துஜா ஓசூர் போய்விட்டாள், லீவு முடிந்தது. எல்லாவற்றையும் தனியாகவே செய்துகொள்கிறேன். சமையல், துணி, பை. ஒருத்தரையும் கூப்பிடவில்லை. யாருக்கும் என்னால் ஒரு சிரமமும் கிடையாது.

பை: சாதாரணம்.

ஜூலை 1, செவ்வாய்

நடை 5,400. பை: சாதாரணம்.

ஜூலை 3, வியாழன், மறுபடி ஆஸ்பத்திரி

'சாதாரணம்' என்று இரண்டு நாள் எழுதியது பொய். பெனிட்டா சிஸ்டர், நீங்கள் படித்துத் திட்டுவதற்குள் நானே எழுதிவிடுகிறேன். திங்கட்கிழமை ஏழு தடவை. செவ்வாய் பத்து. எல்லாம் தண்ணீர். ஒட்டிய தட்டின் ஓரம் வழியாகக் கசிந்து தோல் புண்ணாகிவிட்டது. உங்கள் தாளை எடுத்து எடுத்துப் பார்த்தேன். போன் செய்தால் படுக்கச் சொல்வீர்கள், யாரையாவது துணைக்கு வைக்கச் சொல்வீர்கள். எனக்குத் துணை வேண்டாம் என்று காட்ட வேண்டியிருந்தது. யாருக்கு என்று கேட்காதீர்கள்.

நேற்றுக் காலை குளித்துவிட்டு வந்தவள் குளியலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது. நாக்கு மரப்பட்டை மாதிரி. சுவர் ஒரு பக்கம் போகிறது, நான் ஒரு பக்கம் போகிறேன். போன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. உங்கள் நம்பர்தான் மேலே இருந்தது. என் விரல் போனது வேறு நம்பருக்கு.

"ஏனுங்க" என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

"வர்றேனுங்க" என்றார். அவ்வளவுதான்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கதவு உள்தாழ். தவழ்ந்து போய்த் தாழைத் தொட்டேன். அதற்குள் பை பிரிந்து சேலையெல்லாம் நனைந்துவிட்டது. கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்தே சொன்னேன், "உள்ள வராதீங்க. நாத்தமடிக்குது."

"நாளெல்லாம் வார்னிஷ் நாத்தத்துல கெடக்கறவனுங்க நானு. கதவத் தொறங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

திறந்தேன்.

துண்டை நனைத்து என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். தம்ளரில் உப்பும் சர்க்கரையும் கலக்கினார். ஒவ்வொரு வாயாகக் குடிக்க வைத்தார். அந்தத் தாளிலிருந்து நம்பரைப் பார்த்து உங்களுக்குப் போன் செய்ததும் அவர்தான். கோயம்புத்தூர் வரும்வரை காரில் என் கையைப் பிடித்திருந்தார். திட்டவில்லை. நான்தான் கேட்டேன், "கோவமுங்ளா?"

"கோவந்தானுங்க. அது ஒரு பக்கம் இருக்கட்டும். குடிங்க."

ஜூலை 4, வெள்ளி

டிரிப்ஸ் ஏறி நாக்கு ஈரமாகிவிட்டது. மாத்திரை கொடுத்து வேகத்தைக் குறைத்திருக்கிறார்கள். இன்று கூழ் மாதிரி வருகிறது. இதற்கெல்லாம் சந்தோஷப்படுவேன் என்று போன வருடம் யாராவது சொல்லியிருந்தால்!

காலையில் சிஸ்டர் பை மாற்ற வந்தார். திருமூர்த்தி எழுந்து வெளியே போகப் பார்த்தார். "இருங்க" என்றேன். நான் சொன்னதுதான். எனக்கே ஆச்சரியம்.

புண்ணைப் பார்த்துவிட்டுச் சிஸ்டர், "ஓட்ட பெருசா வெட்டியிருக்கிய அக்கா. முப்பத்தஞ்சு மில்லிமீட்டர் இருக்கும். இப்போ வீக்கம் வத்தி இருவத்தேழுதான் இருக்கு. மிச்ச எடத்துல தோலு நனஞ்சு வெந்து போச்சு" என்றார். செக்கிங் சூப்பர்வைசருக்கு எட்டு மில்லிமீட்டர் தப்பு. வெட்கமாகப் போயிற்று.

"கத்தரி குடுங்க சிஸ்டர்" என்றார் திருமூர்த்தி.

கை கழுவிவிட்டு வந்தார். சட்டைப்பையிலிருந்து சின்ன இரும்பு ஸ்கேலை எடுத்துத் துடைத்து, தட்டின் பின்பக்கம் அளந்து குறித்தார். முடியை விட மெல்லிய கம்பியை வருடக்கணக்காகச் சுற்றிய விரல்கள். கத்தரி அவசரப்படாமல் வளைந்து வந்தது. வெட்டி முடித்ததும் ஓரத்தைக் கட்டைவிரலால் சுற்றி நீவினார். "பிசிறு இருந்தாக் குத்துமுங்க" என்றார், தட்டைப் பார்த்தபடியே.

சிஸ்டர் வைத்துப் பார்த்தார். நூல் பிசகவில்லை. "அண்ணே, கடைய மூடிட்டு இங்க வேலைக்கு வந்துருங்க" என்றார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நோட்டில் எல்லாவற்றையும் எழுத வேண்டியதில்லை.

பதினொரு மணிக்கு டாக்டர் அருள்செல்வி ரிப்போர்ட்டோடு வந்தார். வெட்டிய ஓரங்கள் சுத்தம். எடுத்த பதினாறு நெறிக்கட்டிகளில் ஒன்றில் மட்டும் புற்று இருந்திருக்கிறது. அதனால் மூன்று மாதம் கீமோ. அது முடிந்த பிறகுதான் பையை எடுக்க முடியும். "குணமாகற வாய்ப்பு நல்லாவே இருக்கு. ஆனா நூத்துக்கு நூறுன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். எனக்கு அவரைப் பிடித்திருப்பதே இதனால்தான்.

அவர் போனதும் அறையில் நாங்கள் இரண்டு பேர். ஜன்னலுக்கு வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே இருந்தார்கள், கிளம்பவில்லை.

பொய் சொல்ல இனி என்னிடம் ஒன்றும் பாக்கியில்லை. என்ன ஒரு நிம்மதி அது! இதயம் மட்டும் இருபது வயசுக்காரியுடையது மாதிரி அடித்துக்கொண்டது. கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க. கீமோ மூணு மாசம். பையும் அதுவரைக்கும் இருக்கும். பொறவு என்னன்னு டாக்டருக்கே தெரியாது. வர்றீங்ளா?"

"எங்கீங்க வரோணும்?"

"ரிஜிஸ்டர் ஆபீசுக்கு."

அவர் ஸ்கேலைச் சட்டைப்பையில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். "நோட்டீசு ஆகஸ்டு வரைக்கும் செல்லுமுங்க. நான் விசாரிச்சு வச்சிருக்கேன்" என்றார்.

விசாரித்து வைத்திருக்கிறார்! படியிறங்கிப் போன மனுசன்!

ஜூலை 13, ஞாயிறு

தோல் ஆறிவிட்டது. நடை 4,000, அதற்கு மேல் போகக்கூடாது என்று உத்தரவு. பை: நான்கு தடவை (நிஜமாகவே).

கீமோ 28-ஆம் தேதி தொடக்கம். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை கல்யாணம். சரசாக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆடி மாசத்துலயா கல்யாணம் வைப்பாங்க?" என்றார். ஆடியில் ஆபீசில் கூட்டமே இருக்காது, சீக்கிரம் முடிந்துவிடும் என்றேன். சாட்சிக்கு மூன்று பேர் வேண்டும்: இந்துஜா, சரசாக்கா, அப்புறம் பெனிட்டா சிஸ்டர். சிஸ்டர், படித்துவிட்டீர்களல்லவா? இதுதான் அழைப்பிதழ்.

ஜூலை 25, வெள்ளி

வாடாமல்லி நிறச் சேலை. பை மேல் கொசுவம் அழுந்தாமல் இந்துஜா மடிப்பு வைத்துவிட்டாள். காலையில் வயிற்றைக் காலியாக வைத்திருக்கலாம் என்று நினைத்தேன். அவர் போனில், "சாப்பிடாம வந்தீங்கன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேனுங்க" என்றார். இரண்டு இட்லி தின்றேன்.

ஆபீஸ் காலி. அலுவலரையும் சேர்த்து ஆறு பேர் மட்டும். பதிவு அலுவலர் கண்ணாடி போட்ட, சிரிக்காத மனிதர். பேப்பர்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். மின்விசிறிகூட அன்று சத்தமில்லாமல் சுற்றியது. "ரெண்டு பேரும் நின்னு உறுதிமொழி சொல்லுங்க" என்றார். எழுந்து நின்றோம். இந்துஜா மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். திருமூர்த்தி வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. நகக்கண்ணில் மட்டும் கறுப்பு போகவேயில்லை. "திருமூர்த்தி ஆகிய நான், வசந்தாமணி ஆகிய உங்களை..." என்று ஆரம்பித்தார். குரல் உடைந்து நின்றது. அறை முழுக்க அமைதி.

அந்த அமைதியில், என் வயிற்றிலிருந்து, பை பேசியது.

சின்னச் சத்தம் இல்லை. நீளமாக, ஏற்ற இறக்கத்தோடு, ஒரு வாக்கியம் மாதிரி. அடக்க முடியாது அதை. அதற்குத் தசையும் கிடையாது, வெட்கமும் கிடையாது. சரசாக்கா ஜன்னல் பக்கம் பார்த்தார். அலுவலர் கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்தார். எனக்குக் காதுமடல் வரை சூடேறியது. தரை பிளந்தால் இறங்கிவிடலாம் என்று நின்றேன்.

"மன்னிச்சுக்கோங்க சார்" என்றார் திருமூர்த்தி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். "காலைல பதட்டத்துல அஞ்சு வடை சாப்பிட்டுட்டேனுங்க."

அலுவலர் அவரை ஒரு கணம் பார்த்தார். மேசையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினார். "குடிங்க. இங்க வர்ற மாப்பிள்ளைங்க பாதிப் பேருக்கு இப்படித்தான்" என்றார்.

பெனிட்டா சிஸ்டர்தான் முதலில் வெடித்தார். பிறகு இந்துஜா. பிறகு நான். தையல் போட்ட இடம் வலிக்க வலிக்க, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர் மட்டும் சிரிக்காமல் பாட்டிலைத் திறந்து, இரண்டு மடக்கு குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து உறுதிமொழியைச் சொல்லி முடித்தார். இந்த முறை குரல் உடையவில்லை.

"மணமகள் கையெழுத்து" என்று அலுவலர் பதிவேட்டைத் திருப்பினார். பேனாவை வாங்கினேன். சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. வசந்தாமணி என்று எழுதியதில், கடைசி 'ணி' மட்டும் கட்டத்தைத் தாண்டி, அவர் பெயருக்கு விட்டிருந்த இடத்துக்குள் பாதி போய்விட்டது.

"பரவால்லீங்க" என்று அவர் பேனாவை வாங்கி, மீதி இருந்த இடத்தில் தன் பெயரை எழுதினார்.